சலுகை மார்க் யாருக்கு?

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில் டை காப் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பேட்டிங் சராசரி சாதனையை, 1947-லேயே இறந்துபோன கறுப்பர் லீக் ஆட்டக்காரர் ஜாஷ் கிப்சனுக்கு 2024-ல் தூக்கிக் கொடுத்துவிட்டார்களே! கறுப்பர் என்பதற்காகப் போட்ட சலுகை மார்க்தானே இது?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: சலுகை மார்க் போடுகிறவர் இத்தனை கஞ்சத்தனமாகவா போடுவார்? பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில் கிப்சனுக்கு வைத்த பலகை, அவர் ஏறக்குறைய 800 ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தவர் என்கிறது. 2024-ல் கணக்கில் ஏறியதோ இருநூறுகூட இல்லை. ஊர் ஊராக பஸ்ஸில் போய் ஆடிய காட்சி ஆட்டங்களை ஒதுக்கிவிட்டு, பெரிய லீக்கில் இடம் மறுக்கப்பட்ட கறுப்பர்கள் தனியாக ஆடிய கறுப்பர் லீக்குகளில், ஸ்கோர் விவரம் கிடைத்த ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பெரிய லீக் நட்சத்திரம் பேப் ரூத்தின் 714 ஹோம் ரன் கணக்குக்கு இதனால் ஒரு சேதமும் இல்லை. கிப்சன் முந்தியது சராசரியில்தான்: ஆயிரம் தடவை மட்டை பிடித்தால் 372 ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டு பேஸுக்குப் பத்திரமாக ஓடிச் சேர்ந்தது. காப்புக்கு 367.

கிப்சன் மட்டை பிடித்த தடவைகள் காப்பின் கணக்கில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் என்று நீங்கள் கேட்டிருந்தால், அது நியாயமான கேள்வி. ஆனால் ஏன் குறைந்தது? பெரிய லீக்கில் கறுப்பர்களைச் சேர்க்காதே என்று அதன் சட்டப் புத்தகத்தில் எழுதவில்லை; அணி முதலாளிகள் தங்களுக்குள் தலையாட்டிக்கொண்டதே அறுபது வருஷம் ஓடியது. கிப்சன் 1947 ஜனவரியில், 35 வயதில் போய்ச் சேர்ந்தார். அந்தத் தடையை உடைத்த கறுப்பர் ஜாக்கி ராபின்சன் ஏப்ரல் 15-ல் பெரிய லீக்கில் களமிறங்கினார். இடையில் மூன்று மாதம்கூட இல்லை. கிப்சனின் கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் வரவே 1975 ஆயிற்று.

எதிரே பந்து போட்டவர்கள் சோப்ளாங்கிகள் என்பீர்களோ? கறுப்பர் லீக்கில் பிட்சராக, அதாவது பந்து போடுகிறவராக, இருந்தவர் சாச்சல் பேஜ். பெரிய லீக் அவரைச் சேர்த்தது 1948-ல், 42 வயதில். அந்த சீசனில் ஆறு வெற்றி, ஒரு தோல்வி. 1965-ல் கான்சஸ் சிட்டி அணிக்காரர்கள் கூட்டம் சேர்க்க அவரை மறுபடி கூப்பிட்டு, ஓரமாக ஒரு ஆடும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வயது 59. எழுந்து போய் மூன்று இன்னிங்ஸ் போட்டார். எதிரணியான பாஸ்டன்காரர்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஹிட்.

சரி, உங்கள் காப்பின் பேரேட்டையும் கொஞ்சம் புரட்டுவோம். 1910-ல் பேட்டிங் சராசரியில் முதலிடம் பிடிப்பவருக்கு சால்மர்ஸ் கம்பெனி கார் பரிசு. காப்பும் இன்னொரு ஆட்டக்காரர் நாப் லஜோயும் முட்டிக்கொண்டார்கள். சராசரி இறங்கிவிடக் கூடாதென்று காப் கடைசி ஆட்டங்களில் ஆடாமலே இருந்துகொண்டார். காப்பைக் கண்டாலே ஆகாத செயின்ட் லூயிஸ் மேனேஜர், கடைசி நாளில் லஜோய்க்கு எதிராக ஆடியபோது, மூன்றாம் பேஸைக் காக்கும் தன் பையனைப் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னார். லஜோய் பெரும்பாலும் பந்தை மெல்லத் தட்டித் தட்டி ஓடி ஒரே நாளில் எட்டு ஹிட் சேர்த்தார். அப்படியும் பட்டம் காப்புக்குத்தான். கார் கம்பெனி நமக்கேன் வம்பென்று ஆளுக்கொரு கார் கொடுத்தது.

1981-ல்தான் குட்டு வெளிப்பட்டது. 1910-ல் காப் ஆடிய ஓர் ஆட்டத்தை இரண்டு முறை எண்ணியிருக்கிறார்கள்! ஆடாத ஆட்டத்துக்கு இரண்டு ஹிட். அதைக் கழித்தால் பட்டம் லஜோய்க்கு. எழுபது வருஷம் ஓடிவிட்டது, இனி மாற்றுவதற்கில்லை என்று கையை விரித்துவிட்டார் பேஸ்பாலின் அன்றைய தலைமை அதிகாரி, கமிஷனர் போவி கூன்.

சலுகை மார்க் பற்றி அவருக்கும் ஒரு கடிதம் எழுதியிருக்கலாமே, ஈரோட்டு அன்பரே?