ஆர்.பி.ஜி. கேம்கள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

ரோல்-பிளேயிங் கேம்களை (ஆர்.பி.ஜி.), அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி ஆடும் கேம்களைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஓரிரு இடங்களில் கதையின் முக்கியத் திருப்பத்தைச் சொல்லாமல் பேச முடியவில்லை. அங்கே முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறேன்.

கேள்வி: லெவல், ஹெல்த் பார், கத்தி எல்லாம் இப்போது எந்த கேமில்தான் இல்லை? அப்புறம் எதை ஆர்.பி.ஜி. என்று தனியாகச் சொல்கிறார்கள்?

இதன் வேர் கணினியில் இல்லை, மேசையில் இருக்கிறது. 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளிவந்தது. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி ஆடுவார்கள். பலத்துக்கு ஒரு எண், அறிவுக்கு ஒரு எண். இந்த எண்கள் எல்லாம் கணினிக்குச் சுலபமாக வந்துவிட்டன. ஆனால் மேசையில் கதையை நடத்திச் செல்ல ஒருவர் இருப்பார். போன வாரம் நீங்கள் ஒரு காவலாளியை அவமானப்படுத்தியிருந்தால், இந்த வாரம் அவன் கதவைத் திறக்க மாட்டான். அந்த ஞாபகத்தைக் கணினிக்குள் கொண்டுவருவதுதான் கஷ்டம். நீங்கள் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைக் கவனித்து வைத்திருந்து, பிறகு அதற்குப் பதில் சொல்லும் கேமைத்தான் நான் நல்ல ஆர்.பி.ஜி. என்பேன்.

1985-இல் ரிச்சர்ட் கேரியட் செய்த அல்டிமா 4 இதை அழகாகப் பிடித்தது. அதில் கடைசியில் அடித்து வீழ்த்த ஒரு வில்லனே கிடையாது. எட்டு நற்பண்புகளில் நீங்கள் தேற வேண்டும், அவ்வளவுதான். மந்திரத்துக்கான மூலிகை விற்பவருக்குக் கண் தெரியாது. எவ்வளவு காசு தருகிறீர்கள் என்று நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் சரக்கு கைக்கு வந்துவிடும், யாரும் பிடிக்க மாட்டார்கள். ஆனால் கேம் உள்ளுக்குள் உங்கள் நேர்மையில் கழித்துக்கொள்ளும். நாற்பது வருடம் ஆகியும் அந்த யோசனை பழசாகவில்லை.

கேள்வி: ஒரே ஒரு கேமைத்தான் சொல்லலாம் என்றால் எதைச் சொல்வீர்கள் அக்கா? இரண்டு சொல்லக்கூடாது.

குரோனோ டிரிகர், தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

1995-இல் நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் என்ற கேம் கருவியில் வந்தது. ஃபைனல் ஃபேண்டஸியின் ஹிரோனோபு சகாகுச்சி, டிராகன் குவெஸ்ட்டின் யூஜி ஹோரி, ஓவியர் அகிரா டோரியாமா மூவரும் சேர்ந்த கேம். காலப்பயணக் கதை, பல முடிவுகள், முடித்த பிறகு அதே பலத்தோடு மறுபடி தொடங்கும் வசதி என்று இதைப் புகழ நிறைய இருக்கிறது. எனக்கு முக்கியம் அதன் விசாரணைக் காட்சி.

கேம் ஒரு திருவிழாவில் தொடங்குகிறது. ஒரு பெண்மேல் மோதிவிடுகிறீர்கள். அவள் கழுத்துப் பதக்கம் கீழே விழுகிறது. அவளிடம் முதலில் பேசுகிறீர்களா, பதக்கத்தை எடுக்க ஓடுகிறீர்களா? ஒரு கடைப்பக்கம் யாரோ ஒருவருடைய சாப்பாடு இருக்கிறது, எடுத்துச் சாப்பிடலாம். ஒரு சிறுமி தன் பூனையைக் காணோம் என்கிறாள். இதெல்லாம் எந்த கேமிலும் வருகிற சில்லறை விஷயம் என்று நினைத்துக் கடந்துபோவீர்கள். சில மணி நேரம் கழித்து, இளவரசியைக் கடத்தியதாக உங்களைக் கூண்டில் நிறுத்துகிறார்கள். அந்தச் சாப்பாட்டுக்காரர் சாட்சி சொல்ல வருகிறார். பூனையைக் கொண்டுபோய் விட்டிருந்தால் அந்தச் சிறுமி உங்களுக்காகப் பேசுகிறாள். பதக்கத்துக்கு ஓடியதைக் காட்டி, இவனுக்குப் பொருள்தான் குறி என்கிறார்கள்.

பெட்டியைத் திறப்பதும் பானையை உடைப்பதும் கேமில் தானாகக் கை செய்கிற வேலை. அந்தக் கையைப் பிடித்து "இதைச் செய்தது நீதானே" என்று கேட்கிறது இந்தக் காட்சி. நிரபராதி என்றே தீர்ப்பு வந்தாலும் சிறைக்குத்தான் போகவேண்டும், கதை அப்படி. இருந்தாலும் அதற்குப் பிறகு யாருடைய சாப்பாட்டையும் தொட மனசு வராது.

கேள்வி: டர்ன்-பேஸ்டு சண்டை எனக்குத் தூக்கம் வரவழைக்கிறது. நான் அடிக்க, அவன் அடிக்க, வரிசையில் நிற்கிற மாதிரி. இதை எப்படி ரசிக்கிறீர்கள்?

மோசமாகச் செய்தால் தூக்கம்தான் வரும், மறுக்கவில்லை. ஒரே பட்டனை அழுத்திக்கொண்டே போனால் ஜெயித்துவிடலாம் என்று ஒரு கேம் விட்டால் அது அந்த கேமின் குறை. பெர்சோனா 5 ஆடிப் பாருங்கள். எதிரியின் பலவீனம் எது என்று கண்டுபிடித்து அடித்தால் அவன் விழுவான், உங்களுக்கு இன்னொரு முறை கிடைக்கும். எல்லோரையும் விழவைத்தால் மொத்தப் பேரும் சேர்ந்து பாயலாம். அதாவது ஒவ்வொரு சண்டையும் ஒரு சின்னப் புதிர்.

கை வேகமும் வேண்டும் என்றால் 2025-இல் வந்த கிளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33. உங்கள் முறையில் நிதானமாக யோசிக்கலாம். எதிரியின் முறையில், அடி விழும் அந்த நொடியில் பட்டனை அழுத்தித் தடுக்க வேண்டும், இல்லாவிட்டால் விலக வேண்டும். தூங்க வாய்ப்பே இல்லை.

கேள்வி: ஸ்கைரிமின் கதை சுமார்தான். ஆனாலும் ஏன் இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள்?

கதைக்காக யாரும் அதற்குத் திரும்பிப் போவதில்லை. அங்கே தூரத்தில் ஒரு மலை தெரிந்தால் அதில் ஏறலாம். 2011-இல் வந்த கேம், இன்னும் அந்த ஆசை குறையவில்லை. எதைச் செய்கிறீர்களோ அதில்தான் தேறுவீர்கள்: வில் விட்டால் வில்லில், பதுங்கி நடந்தால் பதுங்குவதில். கடைக்காரர் தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டால் அவருக்குக் கண் மறைந்துபோகும், கடையை அள்ளிக்கொண்டு போகலாம். இதை யாரும் கேமுக்குள் சொல்லித்தரவில்லை, ஆடியவர்கள் கண்டுபிடித்தது. பொருள்கள் நிஜமாகவே அங்கே இருக்கின்றன என்பதால் வரும் சந்தோஷம் அது.

ஆனால் ஸ்கைரிம் உங்களை அவ்வளவாக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை என்பது என் வருத்தம். மந்திரக் கல்லூரிக்கே தலைவராக இருப்பீர்கள், ஊர்க்காவலன் உங்களைப் புது ஆள் மாதிரி பார்ப்பான். இதே வரிசையில் 2002-இல் வந்த மாரோவிண்டை நான் ஒரு படி மேலே வைப்பேன். போகவேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. பாலத்தைத் தாண்டி வடக்கே போ, பாறை வந்ததும் திரும்பு என்கிற மாதிரி ஆட்கள் வழி சொல்வார்கள். அதைப் படித்து, சுற்றிப் பார்த்துத்தான் போகவேண்டும். நாலு நாளில் அந்தத் தீவு உங்களுக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

கேள்வி: விட்சர் 1, 2 ஆடாமல் நேராக 3 ஆடலாமா?

ஆடலாம். ப்ளடி பாரன் என்ற பிரபுவின் கதை வரைக்குமாவது ஆடிவிட்டு முடிவு செய்யுங்கள். அதில் ஒரு மரத்தடி ஆவியை விடுவிப்பதா, கொல்வதா என்று ஒரு கட்டம் வரும். இரண்டில் எதைச் செய்தாலும் யாரோ ஒருவர் விலை கொடுப்பார், அதுவும் நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில்.

கேள்வி: பேச்சுவார்த்தையில் பகடை தப்பாக விழுந்தால் உடனே முன்பு சேமித்து வைத்த இடத்தை (சேவ்) லோட் செய்து திரும்பிவிடுகிறேன். பால்டர்ஸ் கேட் 3-இல் பாதி நேரம் இதற்கே போகிறது. எல்லோரும் இப்படித்தானா?

நிறைய பேர் இப்படித்தான். ஆனால் நல்ல காட்சிகள் பலவற்றை நீங்களே வெட்டி எறிகிறீர்கள். இதைச் செய்த லேரியன் நிறுவனத்தார் தோல்விக்கும் உட்கார்ந்து வசனம் எழுதியிருக்கிறார்கள். 2023-இல் இந்த கேம் வந்தபோது என்னை அசத்தியதே அதுதான். செத்தவர்களோடு பேசும் மந்திரம் ஒன்று உண்டு. ஒரு பிணத்திடம் போய்க் கேள்வி கேட்கலாம். அவரைக் கொன்றது நீங்களாக இருந்தால், அந்தப் பிணம் உங்களிடம் பேச மறுக்கும்! மாறுவேட மந்திரம் போட்டுக்கொண்டு வேறு முகத்தோடு போனால் பேசும். இதை யோசித்து வைத்தவருக்குக் கை கொடுக்க வேண்டும்.

ஒரு யோசனை. உயிர் போனால் மட்டும் லோட் செய்வது என்று வைத்துக்கொண்டு முதல் பகுதியை ஆடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் கதை வேறு யாருடைய கதை மாதிரியும் இருக்காது.

கேள்வி: பாத்திரம் உருவாக்கும் திரையிலேயே ஒரு மணி நேரம் போய்விடுகிறது. எந்தப் புள்ளியை எங்கே போட்டால் லாபம்?

லாபக் கணக்கை இரண்டாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சில கேம்களில் குறைதான் சுவையே. 1998-இல் வந்த ஃபால்அவுட் 2-இல் அறிவுப் புள்ளியை மிகவும் குறைத்து வைத்தால் உங்கள் பாத்திரத்தால் ஒழுங்காக ஒரு வாக்கியம் பேச முடியாது. பாதிப் பேர் உங்களைத் துரத்திவிடுவார்கள். டோர் என்று ஓர் ஆள் வருவான், எல்லோருக்கும் அவன் மந்தபுத்திக்காரன். ஆனால் நீங்களும் அப்படிப்பட்டவராக இருந்தால், உங்கள் இருவருக்குள் மட்டும் உரையாடல் மிக நாகரிகமான, படித்தவர் மொழியில் நடக்கும். எத்தனை பேர் இதைப் பார்க்கப்போகிறார்கள் என்று கணக்குப் பார்க்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாராளம்தான் எனக்குப் பிடித்தது.

கேள்வி: ஃபைனல் ஃபேண்டஸி 7-இல் ஏரித் என்ற பெண் பாத்திரத்துக்காக இவ்வளவு பேர் அழுதார்கள் என்கிறார்கள். படத்தில் யாராவது செத்தால் அழுகிற மாதிரிதானே?

கதையின் பெரிய திருப்பம் இது. ஆடப்போகிறவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

படத்தில் சாகிறவரை நீங்கள் வளர்க்கவில்லை. இங்கே ஏரித்துக்கு ஆயுதம் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள், லெவல் ஏற்றியிருப்பீர்கள். காயம் ஆற்றுவதற்கு அவள் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில் மொத்தக் குழுவையும் அமைத்திருப்பீர்கள். அவள் போனபின் அடுத்த சண்டையில் அந்த இடம் காலியாக நிற்கிறது. துக்கம் கதையில் மட்டும் இல்லை, உங்கள் திட்டத்திலேயே ஓட்டை விழுந்துவிடுகிறது. இன்னொன்றும் சொல்லவேண்டும். அவள் இறந்ததும் ஒரு பாஸ் சண்டை, அதாவது பெரிய எதிரியோடு சண்டை, வருகிறது. வழக்கமான சண்டை இசை அங்கே இல்லை. அவளுக்காக இசையமைப்பாளர் நோபுவோ உவேமட்சு போட்ட அந்த மெல்லிய இசையே நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கேட்டுக்கொண்டே பட்டனை அழுத்தவேண்டும். 1997-இல் ஆடியவர்கள் இன்னும் அதைப் பேசுவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

கேள்வி: டார்க் சோல்ஸ் இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் விட்டுவிட்டேன். அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

முதல் மணியை அடிக்கும் கோயில் வரை போனீர்களா? போயிருந்தால் அங்கே ஒரு லிஃப்ட் இருக்கும். அதில் இறங்கிப் பாருங்கள். பல மணி நேரம் செத்துச் செத்து மேலேறி வந்த உங்களை, அது நேராகத் தொடங்கிய இடத்தின் நெருப்பருகே கொண்டுபோய் விடும். எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம் என்று நினைத்த இடம் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. அந்த உலகம் ஒரே கட்டடம் மாதிரி பின்னிக் கிடப்பது அப்போதுதான் புரியும். அதிலும் மனம் அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள், பிடிக்காததை வீம்புக்கு ஆடவேண்டாம்.

கேள்வி: சண்டையே இல்லாத ஆர்.பி.ஜி. உண்டா? அடிதடி எனக்கு ஒத்துவராது.

டிஸ்கோ எலிசியம், 2019. சண்டைக்கென்று தனி ஏற்பாடே கிடையாது, முழுக்கப் பேச்சுதான். நீங்கள் நினைவிழந்த ஒரு துப்பறிவாளர். உங்கள் 24 திறமைகளும் தலைக்குள் ஆளுக்கொரு குரலாகப் பேசும், ஒன்றை ஒன்று மறுக்கும், சில சமயம் பொய்யும் சொல்லும். உடல் திறனைக் குறைத்து வைத்துவிட்டால், முதல் அறையில் மின்விசிறியில் மாட்டிய டையை எடுக்கப்போயே மாரடைப்பில் கதை முடியலாம். நிறைய வாசிக்க வேண்டிவரும், அதற்குத் தயாராக இருங்கள்.

அண்டர்டேலில் சண்டை உண்டு, ஆனால் ஒருவரையும் கொல்லாமல் முடிக்கலாம். டோபி ஃபாக்ஸ் 2015-இல் வெளியிட்டார். ஒருவரைக் கொன்றுவிட்டு, மனசு கேட்காமல் பழைய சேவுக்குப் போய் அவரைக் காப்பாற்றினால், நீங்கள் முதலில் செய்தது தனக்குத் தெரியும் என்று ஒரு பூ வந்து சொல்லும். லோட் செய்தாலும் அழியாத ஞாபகம்! முதல் தடவை எந்த வழிகாட்டியும் பார்க்காமல் ஆடுங்கள்.

கேள்வி: மேடம், வேலைக்குப் போகிறேன், வாரத்துக்கு மூன்று நான்கு மணி நேரம்தான் கிடைக்கும். கம்ப்யூட்டரும் பழசு. எங்கே தொடங்கலாம்?

நூறு மணி நேரம் கேட்கும் கேம்களை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் அண்டர்டேல். பழைய கணினியிலும் ஓடும், ஆறேழு மணி நேரத்தில் முடியும். அப்புறம் குரோனோ டிரிகர். அது கைபேசியிலேயே கிடைக்கிறது, இருபது மணி நேரம் சொச்சம் பிடிக்கும். பெர்சோனா 5 மாதிரி நீளமானவற்றை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு வாரம் விட்டுவிட்டால் யாரோடு என்ன பேசினோம் என்பதே மறந்துபோகும். திருவிழாவில் அந்தச் சாப்பாடு விஷயத்தை மேலே படித்துவிட்டீர்கள், அதற்கு என்னை மன்னியுங்கள். மற்றபடி அந்தக் கேமில் நீங்கள் அறியாதது இன்னும் நிறைய இருக்கிறது.