பேருந்து ஜி.பி.எஸ். பதிவிலிருந்து நெரிசல் வரைபடம்

கேள்வி: நகரப் பேருந்துகளின் ஆறு மாத ஜி.பி.எஸ். பதிவுகள் எங்களிடம் உள்ளன. எந்தச் சாலையில் எப்போது நெரிசல் என்று காட்டும் வரைபடம் தயாரிக்கிறோம். சராசரி வேகத்தைக் கணக்கிட்டால், நெரிசலே இல்லாத சாலைகளும் சிவப்பாகத் தெரிகின்றன. எங்கே பிழை?

பதில்: அந்தச் சிவப்பில் பெரும்பகுதி பேருந்து நிறுத்தங்களாகத்தான் இருக்கும். பயணிகளை ஏற்ற நிற்பதும் நெரிசலில் சிக்கி நிற்பதும் ஜி.பி.எஸ். பதிவில் ஒன்றுபோலவே வேகம் பூஜ்யம் என்று விழுகின்றன. இவற்றைப் பிரிக்காமல் வரையும் வரைபடம் பேருந்தின் கதையைச் சொல்லுமே தவிர, சாலையின் நிலையைச் சொல்லாது.

முதலில் பதிவுகளைச் சலித்தெடுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் பூஜ்யமாக உள்ளவை, பணிமனையிலும் முனையத்திலும் நிற்கும்போது பதிவானவை எல்லாம் போக வேண்டும். நேரத்தை மிகக் கவனமாகப் பாருங்கள். ஒவ்வொரு பதிவிலும் கருவி பதிந்த நேரம், சர்வருக்கு வந்துசேர்ந்த நேரம் என இரண்டு இருக்கலாம். மொபைல் சிக்னல் இல்லாத இடத்தில் கருவி சேமித்துவைத்ததை, தொடர்பு கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். வந்துசேர்ந்த நேரத்தை எடுத்தால் பேருந்து ஒரே நொடியில் பல கிலோமீட்டர் பறந்ததாகிவிடும். கருவியின் நேரம் யூ.டி.சி.யில் (உலகப் பொது நேரத்தில்) இருந்தால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். இதை மறந்தால் காலை நெரிசல் பின்னிரவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்து, புள்ளிகளைச் சாலையோடு பொருத்துங்கள். திறந்தவெளியில் சுமார் 5 மீட்டர் இருக்கும் இடப் பிழை, உயரமான கட்டடங்களுக்கு நடுவே பல பத்து மீட்டர் ஆகும். அருகிலுள்ள சாலையில் அப்படியே ஒட்டினால் மேம்பாலத்தில் போன பேருந்து கீழ்ச்சாலைக்கு வந்துவிடும். நியூசன், க்ரம் என்ற ஆய்வாளர்கள் 2009-இல் முன்வைத்த மறைநிலை மார்க்கோவ் மாதிரி (Hidden Markov Model) என்ற நிகழ்தகவு முறை, புள்ளிகளின் வரிசை முழுவதையும் வைத்துப் பாதையைத் தீர்மானிக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத் தரவில் இயங்கும் வல்ஹல்லா மென்பொருளில் இது தயாராகவே கிடைக்கும். உங்கள் பேருந்துகளின் தடம் முன்பே தெரியும் என்பதால், அந்தத் தடத்துக்குள் மட்டும் தேடச் செய்தால் பிழை இன்னும் குறையும். பதிவு இடைவெளி 60 நொடி என்றால், மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் இரு புள்ளிகளுக்கு நடுவே 600 மீட்டர். அதற்குள் இரண்டு சந்திப்புகள் கடந்திருக்கலாம். அப்படியானால் சாலையை நூறு மீட்டர் துண்டுகளாகப் பிரிப்பதில் பொருளில்லை. சந்திப்பிலிருந்து சந்திப்பு வரை ஒரே துண்டாக வையுங்கள்.

இனி நிறுத்தங்கள். ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் சுமார் 30 மீட்டரை வெட்டிவிடுவது எளிய வழி. ஆனால் நிறுத்தம் போக்குவரத்து சிக்னலை ஒட்டி இருந்தால் உண்மையான வாகன வரிசையும் அதோடு வெட்டுப்பட்டுப் போகும். அங்கே, நிறுத்தத்தில் நிற்காமல் கடந்துபோன பேருந்துகளின் நேரத்தை மட்டும் எடுங்கள். கதவு திறந்த பதிவு இருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை.

வேகங்களைக் கூட்டி வகுக்காதீர்கள். ஒரு கிலோமீட்டரை மணிக்கு 60 கி.மீ. வேகத்திலும் அடுத்ததை 20-இலும் கடந்தால் சராசரி 40 அல்ல, 30. துண்டைக் கடக்க ஆன நேரத்தைக் கணக்கிட்டு, வார நாள், விடுமுறை தனித்தனியாக, 15 நிமிடத்துக்கு ஒரு இடைநிலை மதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) எடுங்கள். அதை, நெரிசல் இல்லாத அதிகாலையில் அதே துண்டைக் கடக்க ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டு நிறம் கொடுங்கள். எல்லாச் சாலைக்கும் பொதுவான வேக எல்லை வைத்தால் குறுகிய தெருக்கள் எப்போதும் சிவப்பாகவே இருக்கும். பேருந்தே போகாத துண்டுகளைச் சாம்பல் நிறத்தில் விட்டுவிடுங்கள், கணித்து நிரப்ப வேண்டாம். தனிப் பேருந்துத் தடம் உள்ள சாலைகளையும் நீக்குங்கள். அங்கே பேருந்து ஓடும், கார்கள் நிற்கும்.

வெளியிடுமுன் ஐந்தாறு துண்டுகளில் நெரிசல் நேரத்தில் ஆளை நிறுத்தி, வாகனங்கள் கடக்கும் நேரத்தை அளந்து ஒப்பிடுங்கள். ஓட்டுநர் அடையாள எண்ணைத் தரவிலிருந்து முதல் நாளே நீக்கிவிடுங்கள். இந்தக் கணக்கு எதற்கும் அது தேவையில்லை.