ஹெட்போனும் வேலூர் வெயிலும்: கேள்வி பதில்

சத்துவாச்சாரியில் ஹெட்போன் பழுது பார்ப்பவன் நான். காது நோவதாகச் சொல்லி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் சென்னைக்குப் போய் வருகிறேன், அண்ணா. வழியெல்லாம் பாட்டுத்தான். மாலையில் இறங்கும்போது காதுக்குள் பஞ்சு அடைத்ததுபோல் இருக்கிறது. வேறு இயர்போன் வாங்கலாமா?

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ரயிலில் வைக்கும் அதே ஒலியளவை, ஊரடங்கிய பிறகு வீட்டில் வைத்துக் கேளுங்கள். இரண்டு வரி தாண்டுமுன் பிடுங்கிவிடுவீர்கள். தண்டவாள இரைச்சலோடு போட்டி போட்டு விரல் ஒலியை ஏற்றிக்கொண்டே போகிறது. உங்களுக்குத் தெரிவதே இல்லை. ஒலியின் அளவை டெசிபெல்லில் சொல்வார்கள்; பெரியவர்கள் 80 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகிவிடும். 90 டெசிபெல்லுக்கு வாரம் 4 மணி நேரம்தான். நீங்கள் போக, வர ஆகும் நேரமே ஏறக்குறைய அவ்வளவு; அந்த ஒலியில் கேட்டால் திங்கட்கிழமையே வாரக் கணக்கைத் தீர்த்துவிடுவீர்கள்! காதை இறுக அடைக்கும் நுரை முனை போடுங்கள். இரைச்சல் குறைந்தால் ஒலியும் தானே இறங்கும். அரக்கோணம் வந்ததும் கழற்றிவிட்டு ஜன்னல் வழியே பாருங்கள். அடைப்பு மறுநாளும் விடவில்லையென்றால் என்னிடம் வராதீர்கள், காது மருத்துவரிடம் போங்கள்.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை, சார். ஹெட்போன் மெத்தைத் தோல் உரிந்து கன்னமெல்லாம் கருப்புச் செதில். அரிக்கவும் செய்கிறது.

ஆம்பூர்க்காரரிடம் தோலைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். ஆனாலும் சொல்கிறேன்: அது தோலே அல்ல, துணிமேல் பூசிய பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக். வியர்வையும் வெப்பமும் சேர்ந்தால் பூச்சு சிதையும். மே மாதத்தில் நம் பக்கம் 40 டிகிரியைத் தாண்டும்போது காதைச் சுற்றி இதை மூடிக்கொள்வது கம்பளி போர்த்துவதற்குச் சமம். துணி மெத்தை மாற்றுங்கள். பேஸ் (தாழ்ந்த ஒலி) கொஞ்சம் குறையும். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை.

கண்ணாடி போடுபவன் நான். ஒரு மணி நேரத்தில் காதுக்கு மேல் வலி வந்துவிடுகிறது. (ஆற்காடு)

ஹெட்போனின் தலைப்பட்டை இறுக்கமாகப் பிடிக்கிறது. தலையைவிடச் சற்றே அகலமான புத்தக அடுக்கில் இரவு முழுக்க மாட்டி வையுங்கள். பிளாஸ்டிக் பட்டையானால் மெதுவாக; விரிசல் விட்டு என் மேசைக்கு வந்தவை பல. மெல்லிய கம்பிச் சட்டமுள்ள கண்ணாடியும் உதவும்.

பாடகர் ‘ச’, ‘ஸ’ சொல்லும்போதெல்லாம் ஊசி குத்துகிறது.

போனின் ஈக்வலைசரில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) 6 முதல் 9 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள உயர்ந்த ஒலிகளை 3 டெசிபெல் இறக்குங்கள். முதல் நாள் மந்தமாகத் தோன்றும், பிறகு பழகிவிடும்.

என் மகள் எட்டாம் வகுப்பு. எவ்வளவு ஒலி வைக்கலாம், அண்ணா? (குடியாத்தம்)

பிள்ளைகளுக்கு 75 டெசிபெல், வாரம் 40 மணி நேரம். போனில் உச்ச ஒலியைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டி, கடவுச்சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அம்மா.

விலை கூடிய ஹெட்போன் வாங்கினால் வலிக்காதா?

விலைக்கும் உங்கள் தலையின் அகலத்துக்கும் சம்பந்தமில்லை. அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்கார விடாத கடையில் வாங்காதீர்கள்.