பாதிச் சண்டையில் ஆட்டத்தை மாற்றுவது: எம்.எம்.ஏ. கேள்வி பதில்

எம்.எம்.ஏ. என்றால் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை. அதன் அமெச்சூர் போட்டிகளில் வீரர்களுக்குக் கார்னரில் (ரவுண்டுகளுக்கு நடுவே வீரரைக் கவனிக்கும் மூலையில்) நிற்பது என் வேலை. அங்கே நின்று பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதில்கள். ஒரு சண்டையைப் பற்றிக் கேட்பதற்கு முன் அதை முழுதாக ஒருமுறை பார்த்துவிடுங்கள். முப்பது விநாடி க்ளிப்பில் கடைசி அடி மட்டும்தான் இருக்கும், அதற்கு வழி செய்தது எதுவும் இருக்காது.

கேள்வி: ரவுண்டுகளுக்கு நடுவே ஒரு நிமிடம்தான் இடைவெளி. அதற்குள் கோச் புதிதாக என்ன சொல்லிக்கொடுத்துவிட முடியும்?

புதிதாக ஒன்றும் முடியாது. வீரர் வந்து ஸ்டூலில் உட்கார, மூச்சு வாங்க, கட்மேன் (காயம் பார்ப்பவர்) காயத்தை அழுத்தி வாஸ்லின் தடவ என்று பாதி நேரம் போய்விடும். மிச்ச நேரத்தில் அவர் காதில் ஏறுவது ஒரு வாக்கியம், மிஞ்சிப்போனால் இரண்டு. ஜிம்மில் மாதக்கணக்கில் பழகிய நாலைந்து வழிகளில் இப்போது எது என்று சொல்வதுதான் கார்னரின் வேலை. "கையைத் தூக்கு, ஜாக்கிரதை" என்று கத்துவதில் பயனில்லை. "நீ ஜாப் போடும்போதெல்லாம் அவன் வலது கை கீழே வருது" என்றால் அதை வைத்து அவர் ஏதாவது செய்வார். (ஜாப் என்பது முன்னால் இருக்கும் கையால் போடும் நேர்க் குத்து.)

கேள்வி: எதிராளி காஃப் கிக் (கெண்டைக்காலில் விழும் உதை) அடித்துக்கொண்டே இருந்தால் சண்டை நடுவில் என்ன மாற்றம் செய்யலாம்?

நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. அங்கே நாலு உதை சரியாக விழுந்தால் பாதத்தை மேலே தூக்க முடியாது, கால் இழுபடும். 2021 ஜனவரியில் அபுதாபியில் நடந்த யு.எஃப்.சி. (பெரிய எம்.எம்.ஏ. போட்டி அமைப்பு) 257-இல் மெக்கிரகருக்கு அதுதான் நடந்தது. அவரும் பொய்ரியேவும் இரண்டு பேருமே சவுத்பா, அதாவது வலது காலை முன்னால் வைத்து நிற்பவர்கள். மெக்கிரகர் முன்காலில் எடையைப் போட்டு நின்றார். பொய்ரியே பின்காலால் அந்த முன்காலின் வெளிப்பக்கத்தையே அடித்தார். இரண்டாவது ரவுண்டில் மெக்கிரகரால் நகர முடியவில்லை. குத்து விழுந்தபோது ஒதுங்க அவருக்குக் கால் இல்லை. அவ்வளவு நேரமும் நிற்கும் விதத்தை அவர் மாற்றவே இல்லை.

மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஜூனில் சிகாகோவில் நடந்த செஹூடோ - மொரேஸ் சண்டையைப் பாருங்கள். முதல் ரவுண்டில் மொரேஸ் செஹூடோவின் காலைப் பதம் பார்த்துவிட்டார். இரண்டாவது ரவுண்டில் செஹூடோ பின்வாங்கவில்லை, நேராக உள்ளே நடந்தார். உதைக்கு வீச்சு வேண்டும், வீச்சுக்கு இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியை அவர் எடுத்துக்கொண்டார். கிளிஞ்சில் (நெருங்கிக் கட்டிப்பிடித்த நிலையில்) கழுத்தைப் பிடித்து முழங்கால் முழங்காலாகப் போட்டார். முதல் ரவுண்டில் வேகமாக அடித்துச் சக்தியைக் கொட்டியிருந்த மொரேஸ் தளர்ந்தார். மூன்றாவது ரவுண்டு முடிய 9 விநாடி இருக்கும்போது ரெஃப்ரி நிறுத்தினார். செஹூடோ 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மல்யுத்தத் தங்கம் வாங்கியவர். ஆனாலும் அன்று ஆட்டத்தைத் திருப்பியது டேக்டவுன் (எதிராளியைக் கீழே தள்ளுவது) இல்லை, தூரம்தான்.

காலைத் தூக்கித் தடுப்பதும் ஒரு வழி. ஆனால் ஷின் கார்டு (கணைக்கால் கவசம்) இல்லாமல் நண்பர்களோடு இதைப் பழகாதீர்கள்.

கேள்வி: கபீப் நர்மகோமெதோவ், ஜி.எஸ்.பி. (ஜார்ஜ் செயின்ட் பியர்) மோதினால் யார் ஜெயிப்பார்?

நடக்காத சண்டையில் மாற்றம் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அடுத்தது.

கேள்வி: காஃப் கிக்கை எப்படிச் சமாளிப்பது?

மேலே இருக்கிறது.

கேள்வி: எட்வர்ட்ஸ் உஸ்மானை வீழ்த்தியது மாற்றமா, அதிர்ஷ்டமா? அதிர்ஷ்டம் என்றுதான் நினைக்கிறேன்.

அதிர்ஷ்டம் இல்லை. 2022 ஆகஸ்ட், சால்ட் லேக் சிட்டி, யு.எஃப்.சி. 278. முதல் ரவுண்டு எட்வர்ட்ஸுக்கு. அடுத்த மூன்றும் உஸ்மானுக்கு. ஐந்தாவது ரவுண்டுக்கு முன் கோச் டேவ் லோவெல் நுட்பம் பேசி நேரத்தைக் கழிக்கவில்லை, திட்டி எழுப்பினார். முடிய ஒரு நிமிடம்கூட இல்லாதபோது எட்வர்ட்ஸ் இடது கை வருவதுபோல் காட்டினார். உஸ்மான் அதைத் தட்ட வலது கையைக் கொடுத்து, தலையையும் அந்தப் பக்கமே சாய்த்தார். அதே பக்கத்திலிருந்து இடது கால் வந்தது. தலை எங்கே போகும் என்று தெரிந்தவர் மட்டும்தான் அங்கே உதைக்க முடியும்.

அதே நண்பர்: நாலு ரவுண்டு முடிந்தபோது மூன்று ஜட்ஜுகளும் 39-37 என்று உஸ்மானுக்குத்தானே போட்டிருந்தார்கள்? மாற்றத் தெரிந்தவர் அத்தனை நேரம் ஏன் அடி வாங்கினார்?

அந்த மூன்று ரவுண்டுகளில் அவர் மோசமாக ஆடினார் என்பதை நான் மறுக்கவே இல்லை. கூண்டு வேலியில் சாய்த்துப் பிடித்தே உஸ்மான் அவரைக் களைக்க வைத்தார். மாற்றம் தாமதமாக வந்தது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். தானாக வந்தது என்று சொல்லாதீர்கள்.

இன்னொருவர்: நூறு உதையில் ஒன்று படத்தான் செய்யும். அதைத் திட்டம் என்று சொல்வது முடிவைப் பார்த்துக் கதை கட்டுவது.

கண்ணை மூடிக்கொண்டு வீசிய உதை என்றால் உங்கள் பேச்சு சரி. இது பொய்க்கையை முன்னால் விட்டு, பதில் அசைவை வாங்கி, அதன்மேல் விழுந்த உதை. அப்புறம், 2023 மார்ச்சில் லண்டனில் மறுபடி மோதினார்களே, அதை ஏன் யாரும் பேசுவதில்லை? அன்று எட்வர்ட்ஸ் ஆரம்பத்திலிருந்தே காலையும் உடம்பையும் உதைத்தார், டேக்டவுன்களைப் பெரும்பாலும் தடுத்தார். வேலியைப் பிடித்ததற்கு ஒரு புள்ளி பறிபோன பிறகும் முடிவு அவர் பக்கம் வந்தது. அந்த ஒரு உதையோடு நிற்காமல் இருபத்தைந்து நிமிடத்தையும் பாருங்கள்.

அதே இன்னொருவர்: இரண்டாவது சண்டை முதல் சண்டைக்குச் சாட்சி ஆகாது.

அந்த உதைக்கு ஆகாது, சரி. உஸ்மானின் பழக்கங்களை எட்வர்ட்ஸ் படித்து வைத்திருந்தார் என்பதற்கு ஆகும். இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. யூடியூப் பார்த்து வீட்டிலேயே ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்கிறான். சண்டை நடுவே ஸ்டான்ஸ் (நிற்கும் விதம், எந்தக் கால் முன்னால் என்பது) மாற்றப் பழக்கலாமா?

முதலில் வீட்டில் ஸ்பாரிங்கை நிறுத்துங்கள். தலையில் அடி வாங்குவது பயிற்சி ஆகாது. நல்ல ஜிம்மில் சேருங்கள், ஒரு ஸ்டான்ஸில் ஒழுங்காக நிற்கக் கற்கட்டும். மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு.

கேள்வி: காஃப் கிக் வாங்கினால் ஸ்டான்ஸ் மாற்றலாமா?

மாற்றலாம், அந்த ஸ்டான்ஸிலும் பழகியிருந்தால். இல்லாவிட்டால் நல்ல காலையும் கொடுத்துவிட்டு நிற்பீர்கள். காஃப் கிக் பற்றி இனி கேட்காதீர்கள்.

கேள்வி: ரொம்ப எளிமையான, ஆனால் முடிவைத் தீர்மானித்த மாற்றம் ஒன்று சொல்லுங்களேன்.

2021 மார்ச், பிளஹோவிச் - அடெசான்யா. அடெசான்யா 84 கிலோ பிரிவின் சாம்பியன், 93 கிலோ பட்டத்துக்காக மேலே வந்தவர். மூன்று ரவுண்டு நின்றபடியே போனது, நெருக்கமான ஆட்டம். நாலாவதிலும் ஐந்தாவதிலும் பிளஹோவிச் அவரைக் கீழே தள்ளி மேலே படுத்துவிட்டார். பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை. பாரம் தன் பக்கம் அதிகம் என்பதை அதுவரை அவர் பயன்படுத்தவே இல்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் பயன்படுத்தினார். மூன்று ஜட்ஜுகளும் அவருக்கே கொடுத்தார்கள்.