டெல்லி கார், டி.என். 23 நம்பர்: முன்பணம் கொடுக்கலாமா?

மேல்விஷாரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: டெல்லியில் 2017 மார்ச்சில் பதிவான டீசல் எஸ்.யு.வி. ஒன்று 5,75,000 ரூபாய்க்கு வருகிறது. புதிதில் 17 லட்சம் விற்ற வண்டி. வேலூர் புரோக்கர், ‘என்.ஓ.சி. (வண்டியை வேறு ஆர்.டி.ஓ.வுக்கு மாற்றத் தடையில்லை என்ற சான்று) கையில் இருக்கிறது, ஓனர் கையெழுத்துப் போட்ட 29, 30 படிவமும் (பெயர் மாற்றத்துக்கானவை) இருக்கிறது. 25,000 கொடுத்தால் டி.என். 23 நம்பர் வாங்கித் தருகிறேன். அவசரமில்லை என்றால் ஒரு வருஷம் டெல்லி நம்பரிலேயே ஓட்டுங்கள், வரியே கிடையாது’ என்கிறார். ஒரு லட்சம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வண்டி நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஆனால் புரோக்கர் சொன்ன மூன்று வாக்கியத்தில் மூன்றிலும் ஓட்டை இருக்கிறது.

முதலில் டி.என். 23. அது வேலூர் ஆர்.டி.ஓ. நம்பர். நீங்கள் இருப்பது மேல்விஷாரம். 2019-இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு அது ராணிப்பேட்டை மாவட்டம், உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகம் ராணிப்பேட்டை, நம்பர் டி.என். 73. என்.ஓ.சி. என்பது ‘எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோ’ என்ற சீட்டு அல்ல. எந்த ஆர்.டி.ஓ.வுக்கு என்று பெயர் குறித்துத் தருவார்கள். அதில் வேலூர் என்று இருந்தால், அதை ரத்து செய்து ராணிப்பேட்டைக்கு மாற்ற மறுபடியும் டெல்லி அலுவலகத்தைத்தான் பிடிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டே ஒருவர் டி.என். 23 என்கிறார் என்றால், சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ யாருடைய வீட்டுக்காவது உங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தம் தயார் செய்யப்போகிறார் என்று பொருள். பொய் முகவரியில் ஆர்.சி. வாங்கினால் நோட்டீஸ் போகும் வீடு ஒன்று, நீங்கள் இருக்கும் வீடு ஒன்று. நாளைக்கு நீங்கள் விற்கும்போது மாட்டிக்கொள்வது நீங்கள், அவர் அல்ல.

அடுத்து அந்த என்.ஓ.சி. வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்ப வேண்டாம். வண்டி நம்பரை எம்-பரிவாகன் செயலியில் போடுங்கள். என்.ஓ.சி. உண்மையிலேயே கொடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பதிவில் தெரியும். அங்கேயே ஆர்.சி. நிலை, கடன், கறுப்புப் பட்டியல் மூன்றையும் பாருங்கள். ‘கடன் அடைத்தாயிற்று’ என்று வங்கிக் கடிதம் காட்டினால் போதாது. படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்கியிருக்க வேண்டும். பாக்கி அபராதத்தை இ-செலான் தளத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். டெல்லி வண்டிகளில் கேமரா அபராதம் குவிந்து கிடப்பது சகஜம். திருட்டு வண்டியா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ‘வாகன் சமன்வய்’ சேவையில் சேஸிஸ், எஞ்சின் நம்பரைக் கொடுத்து இலவசமாகவே பார்க்கலாம். இதற்கு எந்தப் புரோக்கரும் தேவையில்லை, காசும் தேவையில்லை.

கையெழுத்துப் போட்ட 29, 30 படிவம் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய பயம். வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்தை மட்டும் வாங்கி வைக்கும் இந்த ‘ஓப்பன் படிவம்’ வியாபாரம் ஒழிய வேண்டும் என்றுதான் பழைய வண்டி டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், வண்டியை வாங்கியதும் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரலிலிருந்து விதி வந்தது. விதி வந்தது, வியாபாரம் மாறவில்லை. உங்கள் வண்டி டெல்லி ஓனரிடமிருந்து ஒரு டீலர், அவரிடமிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து இந்தப் புரோக்கர் என்று கை மாறியிருக்கலாம்; ஆர்.சி.யில் முதல் ஆள் பெயர்தான் இருக்கும். பெயர் மாற்றும்போது ஓ.டி.பி. யாருடைய போனுக்குப் போகும்? ஆர்.சி.யில் பெயர் உள்ளவரின் போனுக்கு. அவர் எடுக்கவில்லை என்றால் உங்கள் வண்டி வீட்டு வாசலில் நிற்கும், பெயர் மட்டும் மாறாது. ஆகவே ஆர்.சி.யில் உள்ளவரிடம் வீடியோ அழைப்பில் நேரடியாகப் பேசுங்கள். பணமும் அவர் வங்கிக் கணக்குக்கே போகட்டும், அல்லது அங்கீகாரம் பெற்ற டீலரின் கணக்குக்கு, ரசீதோடு.

விலை ஏன் இவ்வளவு குறைவு? டீசலுக்கு 10 வருஷம், பெட்ரோலுக்கு 15 வருஷம் என்று டெல்லியில் வயது வரம்பு இருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயம் போட்டதை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இந்த வண்டிக்கு 2027 மார்ச்சில் பத்து முடிகிறது, அதனால்தான் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். 2025 ஜூலையில் வயதான வண்டிக்கு பெட்ரோல், டீசலே போடக் கூடாது என்றார்கள், சில நாளில் பின்வாங்கினார்கள். ஆகஸ்டில் நீதிமன்றம் நடவடிக்கைக்குத் தடை போட்டது, டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ். 4 என்ற புகைத் தரத்துக்கும் அதற்கு மேலும் உள்ள வண்டிக்கு மட்டும் என்று சுருக்கியது. ஒரு காரை வைத்துக்கொண்டு ஒரே வருஷத்தில் இத்தனை குட்டிக்கரணம் போட்டால் ஜனங்கள் எதை நம்பி வாங்குவது? நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பத்து முடிவதற்குள் டெல்லி பதிவிலிருந்து வண்டியை முழுக்க வெளியே எடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் தனியார் காருக்குப் பதிவு 15 வருஷம், அதுவும் முதல் பதிவுத் தேதியிலிருந்து. 2032 மார்ச்சுக்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இனி வரி. இங்கேதான் மலிவு என்ற கணக்கு உடைகிறது. வெளி மாநில வண்டிக்கு இங்கே ஆயுள் வரி கட்ட வேண்டும். நீங்கள் கொடுத்த 5,75,000-க்கு அல்ல, வண்டி புதிதில் விற்ற விலைக்கு. 2023 நவம்பரில் உயர்த்திய விகிதப்படி 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 17 லட்சத்துக்குப் புது வண்டி என்றால் 3,06,000 ரூபாய். வயதுக்குத் தகுந்தபடி இது குறையும். எவ்வளவு என்று ராணிப்பேட்டை அலுவலகத்தில் முதல் இன்வாய்ஸைக் காட்டிக் கேட்டுவிட்டு, அந்தத் தொகையை வண்டி விலையோடு கூட்டிப் பாருங்கள். இன்வாய்ஸ் இல்லாத வண்டியில் அலுவலகம் போடுகிற விலைதான் விலை. டெல்லியில் கட்டிய வரியில் மீதி திரும்பக் கிடைக்கும் என்பார்கள். கிடைத்தாலும் அது அங்கே கட்டியவருக்கு, உங்களுக்கு அல்ல.

ஒரு வருஷம் சும்மா ஓட்டலாம் என்ற கதைக்கு வருவோம். சட்டத்தில் 12 மாதம் இருப்பது உண்மை. அது தன் பெயரில் உள்ள வண்டியோடு மாநிலம் மாறி வருபவருக்கு. கம்மவான்பேட்டைக்காரர் ஒருவர் ராணுவத்தில் இருக்கிறார், டெல்லியில் தன் பெயரில் கார் வாங்கினார், ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறார் என்று வையுங்கள். அவருக்கு 29, 30 வேண்டாம், பெயர் மாறவில்லையே. படிவம் 28-இல் என்.ஓ.சி., இங்கே படிவம் 27-இல் புது நம்பர், வரி, அவ்வளவுதான். வண்டி இங்கே வந்த தேதிக்கு ஃபாஸ்டாக் கணக்கு விவரத்தையும் ஓய்வு ஆணையையும் வைத்துக்கொண்டால் 12 மாதத்தை யாரும் தகராறு செய்ய முடியாது. டெல்லியில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கும் உரிமையும் அவருக்கு உண்டு, புது ஆர்.சி.யைக் காட்டிக் கேட்க வேண்டும். அவர் மனைவி பெயரில் கார் இருந்தால் நம்பர் மனைவி பெயரிலேயே வரும். அவர் தன் பெயருக்கு மாற்ற நினைத்தால் உடனே இந்தச் சலுகைக்கு வெளியே போய்விடுகிறார். விலை கொடுத்து வாங்கும் உங்களுக்கோ 30 நாள்தான். அதற்குள் பெயர் மாற்ற விண்ணப்பம் போயிருக்க வேண்டும். டெல்லி நம்பரோடு கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்டில் நிறுத்தினால் புரோக்கர் போன் எடுக்க மாட்டார்.

அந்த 25,000 எதற்கு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மத்திய விதிப்படி காருக்கு நம்பர் பதிவுக் கட்டணம் 600 ரூபாய், பெயர் மாற்றம் அதில் பாதி. மேலே மாநில சேவைக் கட்டணம், நம்பர் பிளேட். மிச்சம் எங்கே போகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வண்டியை நேரில் பார்க்கும்போது முன் கண்ணாடி ஸ்டிக்கரைக் கவனியுங்கள்: டீசலுக்கு ஆரஞ்சு, பெட்ரோலுக்கும் சி.என்.ஜி.க்கும் வெளிர் நீலம். ஆர்.சி.யோடு அது ஒத்துப்போக வேண்டும். சேஸிஸ் நம்பர் மீது தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். மோட்டார் வாகன ஆய்வாளரும் முதலில் இதைத்தான் பார்ப்பார். எஞ்சின் மாற்றியிருந்து ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். மாற்றாவிட்டாலும் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு தொடரும். உங்கள் வண்டியின் சேதத்துக்குக் காசு வராது. இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த நோ கிளெய்ம் தள்ளுபடி அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். டெல்லியிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிவரும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.