வாசகர் கேள்வி: சுண்ணாம்புத் தரைக்கு ஒரு மூட்டை சிமென்ட் சேர்க்கலாமா?

சுவரில் உப்பு பூப்பதைப் பற்றிப் போன மாதம் எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி சுவரை விட்டுவிட்டுத் தரைக்கு இறங்கிவிட்டன. நியாயம்தான், நோய் அங்கேதான் இருக்கிறது. அதனால் இந்த மாதம் முழுக்கத் தரை.

தாத்தா கட்டிய ஓட்டு வீடு, சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் சுவர். நாலு வருஷம் முன்பு பழைய தட்டோட்டுத் தரையைப் பெயர்த்து, பிளாஸ்டிக் ஷீட் விரித்து, காங்கிரீட் போட்டு, விட்ரிஃபைட் டைல்ஸ் பதித்தோம். இப்போது முழங்கால் உயரத்துக்குக் காரை உதிர்கிறது. சுண்ணாம்புத் தரை போட்டால் சரியாகுமா? (வாசகி, மன்னார்குடி)

பாதி சரியாகும். மீதிப் பாதிக்கு முதலில் வீட்டுக்கு வெளியே போய்ப் பாருங்கள். தெருவை ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்த்தி உயர்த்தி உங்கள் வாசல் பள்ளமாகியிருக்கும், கூரைத் தண்ணீர் சுவர் ஓரத்திலேயே விழும், குளியலறைக் குழாய் எங்கேயாவது கசியும். இதையெல்லாம் சரி செய்யாமல் தரையை மட்டும் மாற்றினால் காசுக்குக் கேடு.

பழைய தரை என்ன செய்துகொண்டிருந்தது என்றால், மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை அறை முழுக்கப் பரப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாக விட்டுக்கொண்டிருந்தது, உங்களுக்கே தெரியாமல். இப்போது ஷீட்டும் டைல்ஸும் மேலே மூடி போட்டுவிட்டதால் அந்த ஈரம் ஓரத்துக்கு நகர்ந்து சுவர் வழியாக ஏறுகிறது. போகிற வழியில் உப்பையும் கரைத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகி, காரையை உள்ளிருந்து தள்ளி உதிர்க்கிறது.

எல்லாவற்றையும் பெயர்க்கக் காசு இல்லை என்றால், சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு மட்டும் டைல்ஸையும் காங்கிரீட்டையும் வெட்டி எடுத்து, அந்தப் பட்டையில் ஜல்லியும் சுண்ணாம்புக் கலவையும் போட்டு, ஒரு வருஷம் பாருங்கள். நான் முதலில் இதைத்தான் சொல்வேன். ஆனால் சுவரில் ஏற்கெனவே ஏறிய உப்பு தானாக இறங்காது. முழங்கால் வரை உள்ள காரையைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பிலேயே மறுபடி பூசத்தான் வேண்டும். அதுவும் சில வருஷத்தில் உதிரலாம், உதிரட்டும். செங்கல் உதிர்வதற்கு அது தேவலை.

அடியிலிருந்து மேல்வரை அடுக்கு எப்படி? கொத்தனார் நேரடியாக மண் மேல் கலவையைக் கொட்டலாம் என்கிறார். (வாசகர், காரைக்குடி)

வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. பழைய வீடுகளில் அஸ்திவாரம் ஆழமாகவே இருக்காது, ஆகவே ஒரு மூலையில் சின்னதாகத் தோண்டி, சுவரின் அடி எங்கே முடிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அறை முழுக்கத் தோண்ட வேண்டும். அதற்குக் கீழே போனால் தரை கிடைக்கும், சுவர் கிடைக்காது.

மண்ணைத் திமிசு போட்டு இறுக்கியபின் ஆறு அங்குலத்துக்கு 40 மி.மீ. ஜல்லி. கருங்கல்லோ நன்றாக வெந்த செங்கல்லோ, எதுவானாலும் தூசு இல்லாமல் சலித்தது. இந்தத் தூசு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காலியிடம் இருந்தால் தண்ணீரால் ஏற முடியாது. தூசு அடைத்துக்கொண்டால் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறிவிடும். அதன் மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி, அதாவது ஈரத்தை விடும் செயற்கை இழைத் துணி, கலவை ஜல்லிக்குள் இறங்காமல் இருக்க. பாலிதீன் போடக் கூடாது, அதைப் போட்டால் இத்தனை பாடும் எதற்கு? அப்புறம் நாலு அங்குலம் சுண்ணாம்புக் காங்கிரீட், கடைசியில் தளக்கல். கரையானைச் சுண்ணாம்பு தடுக்காது, அதற்குத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலவை விகிதம் சொல்லுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு பால் மாதிரி வெள்ளையாகக் கிடைக்கிறது, அதுதானே உசத்தி? (வாசகர், நாகப்பட்டினம்)

வெற்றிலைக்கும் வெள்ளையடிக்கவும் உசத்தி. தரைக்கு அதை மட்டும் நம்பினால் கஷ்டம். சுத்தமான சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் இறுகும், நாலங்குலத் தளத்தின் அடிவரை காற்று போய்ச் சேரக் காலம் பிடிக்கும். அழுக்குச் சுண்ணாம்புக்குத்தான் மவுசு என்பதை 1756-லேயே இங்கிலாந்தில் ஜான் ஸ்மீட்டன் கண்டுபிடித்தார். கடல் நடுவே பாறையில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கம் கட்ட வேண்டியிருந்தபோது ஒவ்வொரு ஊர்ச் சுண்ணாம்பாக வாங்கிச் சோதித்து, களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டதுதான் தண்ணீருக்குள்ளும் இறுகுகிறது என்று பார்த்தார். நம்முடைய இந்தியத் தர நிர்ணயத்திலும் (ஐ.எஸ். 712) கட்டடச் சுண்ணாம்பில் ஏ வகுப்பு என்பது நீரிலும் இறுகும் சுண்ணாம்பு. வெள்ளை வெளேர் என்று இருக்கும் கொழுப்புச் சுண்ணாம்புக்கு சி வகுப்புதான்.

ஏ வகுப்பு கிடைக்காவிட்டால் கவலை இல்லை, கிளிஞ்சலோடு சுர்க்கி சேருங்கள். சுர்க்கி என்றால் செங்கல் பொடி, ஆனால் எந்தச் செங்கல் என்பது முக்கியம். கருகிக் கண்ணாடியாகிப் போனதை இடித்துப் பிரயோஜனம் இல்லை, மிதமான சூட்டில் வெந்த களிமண்தான் சுண்ணாம்போடு வேலை செய்யும். சிமென்ட் கைக்குள் மாவாக நழுவுவதுபோல அதுவும் மாவாக இருக்க வேண்டும். அளவு: பிசைந்த சுண்ணாம்பு 1, சுர்க்கி 2, செங்கல் ஜல்லி 5, எல்லாம் ஒரே சட்டியால் அளந்தது. ஜல்லியை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப் போடுங்கள், இல்லாவிட்டால் அது கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும். தண்ணீர் குறைவாக, கையில் பிடித்தால் உருண்டையாக நின்று, உள்ளங்கை நனையாத பதம். பிசைந்ததை அன்றைக்கே போட்டு முடித்துவிட வேண்டும்.

நீற்றுவதில், அதாவது சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டுக் குழைய வைப்பதில், நான் சூடு பட்டவன். அவசரத்தில் முந்தின நாள் நீற்றியதைச் சலிக்காமல் ஒரு திண்ணைக்குப் போட்டேன். மூன்று வாரம் கழித்துத் தளத்தில் பட்டாணி அளவுக்குப் பொக்குப் பொக்காகத் தெறித்தது, அம்மை போட்ட மாதிரி. அதிகம் வெந்த சுண்ணாம்புத் துணுக்குகள் தாமதமாக நீறும், நீறும்போது வீங்கும், அவ்வளவுதான் விஷயம். குறைந்தது இரண்டு வாரமாவது தண்ணீருக்கடியில் கிடக்கட்டும், அப்புறம் மெல்லிய சல்லடையில் வடிகட்டுங்கள். நீற்றும்போது தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அது கொதிக்கும், தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள்.

எங்கள் கொத்தனார் “ஒரு மூட்டை சிமென்ட் சேர்த்தால்தான் நிற்கும்” என்கிறார். (வாசகர், தஞ்சாவூர்)

அவர் பயம் எனக்குப் புரிகிறது. சிமென்ட் மறுநாளே கல்லாகிவிடும், சுண்ணாம்பு ஒரு வாரம் கழித்தும் நகத்தால் கீறினால் கோடு விழும், அதைப் பார்த்து வீட்டுக்காரர் கத்துவார். ஆனால் கொஞ்சம் சிமென்ட் என்பது இரண்டுங்கெட்டான். சிமென்ட் முதலில் இறுகித் துளைகளைக் குறுக்கும், சுண்ணாம்பு மெதுவாக இறுகும் வேலை நடுவிலேயே கெடும். பலம் வேண்டுமானால் சுர்க்கியைக் கூட்டுங்கள், அதைவிட அடிப்பதைக் கூட்டுங்கள்.

மொட்டை மாடியில் செங்கல் ஜல்லித் தளம் போட்டதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அங்கே 32 பங்கு ஜல்லிக்கு 12½ பங்கு சுண்ணாம்பு, மணலே கிடையாது. வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து, சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்து, மறுபடி அடிப்பார்கள், பாட்டோடு. கலவை அளவு வேறு என்றாலும், அடிக்கிற விஷயத்தில் வீட்டுத் தரைக்கும் அதே கதைதான். ஐந்து அங்குலம் பரப்பினால் சுமார் நாலு அங்குலமாக இறங்க வேண்டும், கட்டை தளத்தில் பட்டுத் துள்ளும் வரை அடிக்க வேண்டும், இரண்டு மூன்று நாள் ஆனாலும் சரி. கூலி இங்கேதான் போகும். இதைச் சொல்லாமல் ‘சிக்கனமான தரை’ என்று உங்களிடம் யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

எந்த மாதத்தில் போடலாம்? எத்தனை நாளில் நடக்கலாம்? (வாசகி, சிதம்பரம்)

பொங்கல் முடிந்ததும் ஆரம்பியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாது. சித்திரை வெயிலிலும் வேண்டாம், மேல்பரப்பு சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். பத்து நாள் ஈரச் சாக்கு போட்டு வைத்திருங்கள், மின்விசிறி கூடாது. ஒரு வாரத்தில் வெறுங்காலோடு நடக்கலாம், தளக்கல் பதிக்க ஒரு மாதத்துக்கு மேல் பொறுங்கள். சந்தேகமாக இருந்தால் பள்ளிக்கூட ஆய்வகத்து பினாஃப்தலீனை உடைந்த துண்டில் ஒரு சொட்டு விடுங்கள். இளஞ்சிவப்பாகும் இடத்தில் சுண்ணாம்பு இன்னும் காற்றை வாங்கி முடிக்கவில்லை. சுர்க்கி போட்டிருந்தால் உள்ளே சிவந்தாலும் பயப்பட வேண்டாம்.

மேலே என்ன பதிக்கலாம்? சமையலறைக்கும் இதுவே போதுமா? (வாசகி, மதுரை)

தட்டோடு முதல் தேர்வு, ஆத்தங்குடிக் கல்லும் சரி. ஆத்தங்குடிக் கல்லில் சிமென்ட் உண்டுதான், ஆனால் ஈரம் விடும். இரண்டையும் சுண்ணாம்புச் சாந்திலேயே பதியுங்கள், இடுக்குகளையும் அதிலேயே பூசுங்கள். டைல்ஸ் பசையும் எபாக்சியும் பளபளப்புக்கு அடிக்கும் சீலரும் வேண்டாம், அப்புறம் மறுபடி மூடி போட்ட கதைதான். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

சமையலறையில் மட்டும் யோசிக்க வேண்டும். புளி, எலுமிச்சை, தயிர் எதுவானாலும் சுண்ணாம்பை அரிக்கும், புளி போட்டுப் பித்தளை தேய்க்கிற இடம் ஒரே மாதத்தில் வெளுத்துக் குழி விழும். மேடைக்குக் கீழேயும் பாத்திரம் கழுவும் இடத்திலும் கிரானைட் கல் போட்டுக்கொள்ளுங்கள், மீதி அறைக்குத் தட்டோடு.