கல் களப்புரையை வீடாக்கும்போது: வாசகர் கேள்வி-பதில்

தோவாளைப் பக்கம் தாத்தா காலத்துக் களப்புரை (நெற்களத்தை ஒட்டிய கட்டடம்) இருக்கிறது. இரண்டடிக் கருங்கல் சுவர். உள்ளும் புறமும் சிமெண்ட் பூசச் சொல்கிறார் கொத்தனார். பூசலாமா?

வேண்டாம். அந்தச் சுவர் மண்ணிலோ சுண்ணாம்பிலோ கட்டியது. அடியிலிருந்து ஏறும் ஓதம் கல்லிடுக்கு வழியாகத்தான் காய்கிறது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் இன்னும் மேலே ஏறும். சுவரில் செருகியிருக்கும் உத்தரத்தின் நுனி உளுத்துப்போகும். பூச்சும் சில மழைக்காலங்களுக்குள் பாளம் பாளமாக விட்டுவிடும்.

இடுக்குகளை ஓர் அங்குல ஆழம் சுரண்டி, தூசி தட்டி, நனைத்துவிட்டு, நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்றுமணல் மூன்று பங்கு சேர்த்து அடையுங்கள். வேலையைத் தை பிறந்ததும் தொடங்கினால் ஆனிச் சாரலுக்கு முன் முடியும். வெயிலில் சட்டென்று காயவிட்டால் சுண்ணாம்பு பொடிந்துவிடும். அதனால் ஒரு வாரமாவது ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும். வெளித்தரை உள்தரையைவிட உயரமாக இருந்தால் முதலில் அதை உள்தரைக்கு அரையடி கீழே இறக்குங்கள். ஓதத்தில் பாதி அதிலேயே குறையும்.

கொழிஞ்சாம்பாறையில் பழைய மாட்டுத்தொழுவத்தை அறையாக்கினோம். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் சுவரின் கீழ்ப்பகுதி பொரிந்து உதிர்கிறது.

பல வருட மாட்டு மூத்திரத்தின் உப்பு சுவரில் ஊறியிருக்கிறது. ஈரம் காயும்போதெல்லாம் அது வெளியே பூக்கும். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து உள்ளே போய்விடும். உப்புக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி எடுத்து, உலர்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். களிமண்ணும் மணலும் நல்ல தண்ணீரில் குழைத்து ஓரங்குலம் அப்பி, நன்றாகக் காய்ந்தபின் உரித்து வெளியே கொட்டுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தபின் சுண்ணாம்புப் பூச்சுப் போடலாம். தரையிலிருக்கும் பழைய சாணி மண்ணையும் ஓரடி தோண்டி எடுத்தாக வேண்டும், ஆனால் அஸ்திவாரக் கல்லின் அடிமட்டத்துக்குக் கீழே போகவே கூடாது. அந்தக் குழியில் 40 மி.மீ. ஜல்லி நிரப்புங்கள்.

செங்கோட்டையில் கல் கிடங்கு. ஜன்னலே இல்லை. சுவரை உடைத்துத் திறக்கலாமா?

திறக்கலாம், அவசரப்படாமல். கவனம் பிசகினால் உயிருக்கே ஆபத்தாகும் வேலை இது. இத்தகைய சுவர் பெரும்பாலும் உள்முகம், வெளிமுகம் என இரண்டு அடுக்கு; நடுவில் மண்ணும் சில்லும்தான். இரு பக்கமும் ஒரே நேரத்தில் உடைத்தால் நடுச்சில்லு மூட்டையைக் கிழித்த நெல் மாதிரி கொட்டிவிடும், மேலே உள்ள கல்லும் கூடவே வரும்.

முதலில் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். வயிறு தள்ளிய இடத்தில் ஜன்னல் கூடாது. மூலையிலிருந்து மூன்றடி தள்ளியே இருக்கட்டும். உத்தரம் உட்காரும் இடத்துக்கு நேர் கீழேயும் வேண்டாம். அகலம் நான்கடிக்கு மேல் போகாதீர்கள்.

கூரைச் சுமைக்கு முட்டுக்கொடுத்தபின், லிண்டல் (ஜன்னலுக்கு மேல் சுமை தாங்கும் குறுக்குக்கல்) வரும் உயரத்தில் உள்பக்கம் மட்டும், சுவரின் பாதித் தடிமனுக்குக் கொத்துங்கள். உளியும் சுத்தியலும் போதும். பிரேக்கர் மெஷின் அதிர்வில் நடுச்சில்லு இளகும். கருங்கல் லிண்டலை இரு பக்கமும் ஒன்பதங்குலம் சுவரில் உட்காரும்படி வைத்து, மேலிடைவெளியில் கெட்டியான கலவையும் கல்சில்லும் இறுக இடியுங்கள். ஒரு வாரம் கழித்து வெளிப்பக்கமும் அப்படியே. அது இறுகிய பிறகுதான் கீழேயுள்ள கல்லை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். ஜன்னலோரம் இரண்டடிக்கு ஒன்றாக, இரு முகத்தையும் பிணைக்கிற நீளக்கல் வைத்துக் கட்டுங்கள். இதைக் கொத்தனார்கள் அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.

அதே சுவர்மேல் கான்கிரீட் தளம் போட்டு மாடி எடுக்கலாமா?

கூடாது. மாடி வேண்டுமானால் சுவரைத் தொடாமல், தனி அஸ்திவாரத்தில் இரும்புத் தூண் நிறுத்தி, பொறியாளரின் கணக்குப்படி போடுங்கள்.

மங்களூர் ஓடு எவ்வளவு வாங்க வேண்டும்?

நூறு சதுர அடிச் சரிவுக்குச் சுமார் 150. உடைசலுக்குப் பத்து சதவீதம் கூடுதலாக வாங்குங்கள். ஓடு கைக்கு வந்தபின் அதை அளந்து ரீப்பர் (ஓடு உட்காரும் மரச்சட்டம்) இடைவெளியை வையுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும்.

கேரளத்தில், வேலந்தாவளத்தில் இடம். களப்புரையை வீடாக்க அனுமதி தேவையா?

தேவை. உபயோகம் மாறுவதால் பஞ்சாயத்து பெர்மிட் வாங்க வேண்டும். அதற்கு முன் வில்லேஜ் ஆபீஸில், இடம் என்ன வகை என்று காட்டும் அடிப்படை வரிப் பதிவேட்டைப் பாருங்கள். ‘புரயிடம்’ (வயல் அல்லாத மனையிடம்) என்றிருந்தால் சிக்கலில்லை. ‘நிலம்’ என்றிருந்தால் அது வயல் கணக்கு. கேரளத்தின் 2008 நெல்வயல் சட்டப்படி தயாரித்த டேட்டா பேங்கில் (நெல்வயல்களின் பட்டியல்) அந்த சர்வே எண் இருக்கிறதா என்று பார்த்து, அந்தச் சிக்கலை முடித்த பிறகே கல்லைத் தொடுங்கள்.